சொந்தக் கடை நடத்திய பதினொரு வருடம் ஐடி வேலைக்குக் கணக்கில் வருமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருக்கு வயது 38. 2008-ல் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தார். ஐடி கம்பெனிகள் ஆள் எடுப்பதைக் குறைத்திருந்த நேரம் அது. ஊரிலேயே ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் ஆளாகச் சேர்ந்து ஆறு வருடம் இருந்தார். சம்பளம் கையில் பணமாக வந்தது, பிஎஃப் கிடையாது. 2014-ல் சொந்தக் கடை போட்டார். அசெம்பிள்டு சிஸ்டம், லேப்டாப் சர்வீஸ், சிசிடிவி, நெட்வொர்க் கேபிளிங், டாலி என்று நன்றாகவே ஓடியிருக்கிறது. இரண்டு பள்ளிகள், ஒரு மருத்துவமனை, மூன்று மில்களுக்கு ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) வைத்திருக்கிறார். கொரோனாவுக்குப் பிறகு லேப்டாப் வியாபாரம் ஆன்லைனுக்குப் போய்விட்டது. வாடகை ஏறியது. கூட இருந்த பையனும் நின்றுவிட்டான். இப்போது செலவு போக மாதம் இருபத்தைந்தாயிரம் மிஞ்சினால் பெரிய விஷயம் என்கிறார். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அவர் முன்னால் மூன்று வழிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பயிற்சி நிறுவனம் 1,20,000 ரூபாய்க்கு டேட்டா சயின்ஸ் கோர்ஸ், மாதத் தவணையில் கட்டலாம், நூறு சதவீதம் வேலை உறுதி என்கிறது. உறவினர் ஒருவர் தபால் வழியில் எம்சிஏ முடித்தால்தான் கதவு திறக்கும் என்கிறார். பெங்களூரில் ஒரு கன்சல்டன்சி, 80,000 கொடுத்தால் ஐந்து வருட ‘எக்ஸ்பீரியன்ஸ்’ போட்டு உள்ளே அனுப்பிவிடுகிறோம், எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள் என்கிறது. “என் கடை அனுபவத்தை எவனும் மதிக்கமாட்டான். 38 வயதில் ஃப்ரெஷராகப் போய் நிற்கவும் முடியாது. எதைத் தேர்ந்தெடுப்பது?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள நண்பரே,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த ஆறு ஏஎம்சி வாடிக்கையாளர்கள்தான். நீங்களோ அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் நின்றுபோனால் பில் போட முடியாது, லேப் ரிப்போர்ட் வராது. அப்படி நிற்காமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஐடி உலகில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் சப்போர்ட் என்று பெயர். கோவையிலும் சென்னையிலும் பெங்களூரிலும் ஆயிரக்கணக்கானவர்கள் இதே வேலைக்கு டெஸ்க்டாப் சப்போர்ட் இன்ஜினியர், சிஸ்டம் அட்மின், நெட்வொர்க் இன்ஜினியர் என்ற பெயர்களில் சம்பளம் வாங்குகிறார்கள். நீங்கள் பதினொரு வருடமாக ஐடி வேலையில்தான் இருக்கிறீர்கள். சம்பளச் சீட்டு மட்டும்தான் இல்லை.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். எந்தக் கோர்ஸ் படிப்பது என்பது பிறகு. முதலில் எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள். அந்த வேலைக்கு ஆள் எடுப்பவர் எதைப் பார்த்து நம்புவார் என்று அடுத்துப் பாருங்கள். படிப்பும் சான்றிதழும் அதற்கப்புறம் தானாக முடிவாகும். நீங்கள் கோர்ஸிலிருந்து தொடங்கியதால்தான் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று வழிகள் உங்கள் முன்னால் நிற்கின்றன.

டேட்டா சயின்ஸ் பற்றி

நல்ல துறைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் புள்ளியியல் வேண்டும், பைத்தான் நிரலாக்கத்தில் கை ஓட வேண்டும், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கிற எஸ்க்யூஎல் வேண்டும். ஆரம்ப நிலை வேலைகளுக்கு இப்போது படித்து வெளியே வருகிற இருபத்திரண்டு வயது இன்ஜினியர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் போய் நின்றால் ஹார்டுவேர், நெட்வொர்க்கில் நீங்கள் சேர்த்து வைத்த எதுவும் பயன்படாது. நீங்கள் பயப்படுகிற ‘38 வயது ஃப்ரெஷர்’ நிலைமை அங்கேதான் உண்மையாகவே வரும்.

நூறு சதவீத வேலை உறுதி என்று விளம்பரத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் தாளில் பெரும்பாலும் ‘வேலை தேட உதவி’ என்றுதான் இருக்கும். வாங்கிப் படித்துப் பாருங்கள். மாதத் தவணை என்பதும் அநேகமாக அந்த நிறுவனம் கொடுக்கிற சலுகை இல்லை. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் கொடுத்து, பணத்தை மொத்தமாகப் பயிற்சி நிறுவனத்துக்குக் கட்டிவிடுகிறது. வகுப்பு பாதியில் நின்றாலும், நிறுவனமே பூட்டிவிட்டுப் போனாலும், தவணை உங்கள் கணக்கில்தான் பிடிக்கப்படும். கட்டாமல் விட்டால் உங்கள் சிபில் மதிப்பெண் கெடும். கையெழுத்துக்கு முன் கடன் கொடுப்பது யார் என்று எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்து திருப்பித் தர மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டிய விவகாரம் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.

டேட்டாவில் உண்மையிலேயே ஆசை இருந்தால் அதற்கு வேறு வழி இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய இணையவழி பட்டப்படிப்புக்கு வயது வரம்பு இல்லை. தகுதிச் சுற்றைத் தாண்டினால் சேரலாம், வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், டிப்ளமோ நிலையில் நிறுத்திக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் அது வேலை கிடைத்த பிறகு யோசிக்க வேண்டியது.

எம்சிஏ பற்றி

உங்கள் உறவினர் சொல்வது ஒரு காலத்தில் பொருந்தியது. இன்று நீங்கள் போகக்கூடிய வேலைகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் கேட்பார்கள், சில இடங்களில் டிப்ளமோவே போதும். உங்களிடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டமே இருக்கிறது. அதற்கு மேல் இரண்டு வருடம் எம்சிஏ படித்தால், 40 வயதில் பழைய வேலைக்குத்தான் விண்ணப்பிப்பீர்கள், கூடுதலாக ஒரு தாளோடு.

அதே சமயம் தபால் வழிப் பட்டத்துக்கு மதிப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் கல்லூரியில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-ல் மறுபடியும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பின்னாளில் கல்லூரி ஆசிரியர் வேலையோ, முதுகலை கேட்கிற பதவியோ குறிக்கோளாக இருந்தால் இக்னோவின் இரண்டு வருட எம்சிஏ போல ஒன்றை அப்போது பாருங்கள். சேருவதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பாடத்தில், அந்த வருடத்துக்கு யுஜிசியின் தொலைநிலைக் கல்வி அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்பதாயிரம் ரூபாய் ‘எக்ஸ்பீரியன்ஸ்’

இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப் போகிறேன். போலி அனுபவச் சான்றிதழ் கொடுப்பது குற்றம் என்பது உங்களுக்கும் தெரியும். மோசடி, போலி ஆவணத்தைப் பயன்படுத்துதல் என்று வழக்கே போட முடியும். ஆனால் அந்தப் பயம் ஒருவரைத் தடுத்து நான் பார்த்ததில்லை, ‘எல்லோரும்தானே’ என்ற பதில் தயாராக இருக்கும். ஆகவே நடைமுறையைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேரும்போது பெரிய கம்பெனிகள் பின்னணிச் சரிபார்ப்பை வெளியே ஒரு ஏஜென்சியிடம் கொடுக்கின்றன. அவர்கள் உங்கள் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணைக் கேட்பார்கள். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று பிஎஃப் பதிவில் இருக்கும். அதில்லாவிட்டால் வருமான வரிக்கான படிவம் 16, 26ஏஎஸ், அப்புறம் வங்கி ஸ்டேட்மென்ட். சில கன்சல்டன்சிகள் பெயருக்குப் பிஎஃப் கட்டியும் காட்டுகின்றன. அப்படிப்பட்ட பெயர்ப்பலகைக் கம்பெனிகளின் பட்டியல் சரிபார்ப்பு ஏஜென்சிகளிடம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. சேர்ந்து எட்டு மாதம் கழித்துக்கூடப் பட்டியலில் அந்தப் பெயர் ஏறலாம், அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். அதே ஐந்து வருடமும் நீங்கள் ஜிஎஸ்டி பதிவோடு கடை நடத்தி, ஐடிஆர்-4 என்ற வருமான வரிக் கணக்கைப் போட்டு வியாபார வருமானம் காட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒருவரின் பான் எண்ணைப் போட்டுத் தேடினால் அவர் பெயரில் இருக்கிற பதிவு யார் கண்ணுக்கும் தெரியும். பெங்களூரில் முழுநேர ஊழியர், ஈரோட்டில் கடை முதலாளி, இரண்டும் ஒரே பான் எண்ணில். உங்களிடம் உள்ள உண்மையான அனுபவத்தின் ஆதாரமே உங்கள் பொய்க்கு எதிரான சாட்சியாகிவிடும். கையிலிருக்கும் பதினொரு வருடத்தை அழித்துவிட்டு, காசு கொடுத்து ஐந்து வருடம் வாங்குவது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

கடையை ரெஸ்யூமேயில் எழுதுவது எப்படி

நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமேயைப் பார்த்தேன். ‘2014 முதல்: சொந்தத் தொழில்’ என்று ஒரே வரி. அதற்குக் கீழே பள்ளி மதிப்பெண்கள் அரைப் பக்கம். ஆள் எடுப்பவர் இதை மளிகைக்கடை என்று நினைத்தாலும் அவர் மேல் தப்பில்லை.

மாற்றி எழுதுங்கள். கடையின் பெயர், ஊர், அதில் உங்கள் பொறுப்பு என்று தலைப்பில் கொடுத்துவிட்டு, செய்த வேலைகளை வாடிக்கையாளர் வாரியாகப் பிரியுங்கள். மருத்துவமனையில் எத்தனை கம்ப்யூட்டர், எத்தனை ஸ்விட்ச், என்ன ஃபயர்வால், பேக்கப் எப்படி, ரான்சம்வேர் வந்ததா, வந்தபோது என்ன செய்தீர்கள். மில்லில் டாலி சர்வரை யார் அமைத்தது, எத்தனை பேர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கிறார்கள், கிளை அலுவலகத்தோடு விபிஎன் இருக்கிறதா. எண்ணிக்கை எழுதும்போது உண்மையை எழுதுங்கள், 45 என்றால் 45. நேர்முகத்தில் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கேள்வி வரும்.

ஆதாரங்களை ஒரு ஃபைலில் சேருங்கள். ஜிஎஸ்டி பதிவுச் சான்று, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் அது, கடைசி மூன்று வருட ஐடிஆர் ஒப்புகை, ஏஎம்சி ஒப்பந்த நகல்கள், சில இன்வாய்ஸ்கள். சுயதொழில் செய்தவரைச் சரிபார்க்க ஏஜென்சிகள் கேட்பது இவற்றைத்தான். இவற்றோடு ஏஎம்சி வாடிக்கையாளர்களில் இரண்டு பேரிடம் அவர்களுடைய லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்குங்கள். இன்ன வருடத்திலிருந்து இன்ன வேலையைச் செய்து தருகிறார் என்று நான்கு வரி போதும். 2008 முதல் 2014 வரை வேலை பார்த்த கடைக்காரர் இன்னும் இருந்தால் அவரிடமும் ஒன்று கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்த ஆறு வருடத்தை ரெஸ்யூமேயில் எழுதுங்கள், ஆனால் ஆவணம் இல்லை என்பதை ஹெச்ஆரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதலிலேயே சொன்ன குறையைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால்தான் பிரச்சினை.

எந்த வேலை

மில், மருத்துவமனை, கல்லூரி, ஏற்றுமதி நிறுவனம் போன்றவற்றின் சொந்த ஐடி பிரிவு முதல் வழி. ஈரோடு, திருப்பூர், கோவை வட்டாரத்தில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. ஒரே ஆளாகச் சர்வரிலிருந்து பிரிண்டர் வரை எல்லாம் பார்க்க வேண்டும். கடைக்காரருக்கு அது பழக்கம்தான். நீங்கள் ஏற்கெனவே போய்வருகிற மில்லிலேயே கேட்டால் என்ன?

இரண்டாவது, பெரிய ஐடி கம்பெனிகளின் அலுவலகங்களில் டெஸ்க்டாப் சப்போர்ட். இதற்கு அந்தக் கம்பெனியே நேரடியாக எடுப்பது குறைவு, வேறொரு நிறுவனத்தின் பேரோலில் ஒரு வருட ஒப்பந்தமாக எடுப்பார்கள். நிரந்தரம் இல்லை, போனஸ் இருக்காது, ஷிஃப்ட் மாறி மாறி வரும். ஆனாலும் பெரிய அமைப்பு எப்படி இயங்குகிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. இரண்டு வருடம் தாக்குப்பிடித்தால் அடுத்த வேலை எளிது.

மூன்றாவதை நீங்கள் யோசிக்கவே இல்லை. உங்களுக்குச் சரக்குக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர்கள், சிசிடிவி, ஃபயர்வால் பிராண்டுகளின் பார்ட்னர் நிறுவனங்கள். வாடிக்கையாளர் இடத்துக்குப் போய்ப் பார்த்து, என்ன தேவை என்று கணித்து, கொட்டேஷன் போட்டு, விளக்கிச் சொல்கிற ஆளை ப்ரீசேல்ஸ் இன்ஜினியர் என்கிறார்கள். தொழில்நுட்பமும் வியாபாரமும் சேர்ந்து தெரிந்த ஆள் கிடைப்பது அவர்களுக்குக் கஷ்டம். பதினொரு வருடம் நீங்கள் செய்தது இதைத்தான். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் நான் முதலில் தட்டச் சொல்கிற கதவு இது.

சம்பளத்தில் இரண்டு பக்கமும் தப்பாக நினைக்கக்கூடாது. பதினொரு வருட அனுபவம் என்று சீனியர் சம்பளம் கேட்டால் கொடுக்கமாட்டார்கள், ஏனென்றால் பெரிய நெட்வொர்க்கை நீங்கள் தொட்டதில்லை. ஃப்ரெஷர் சம்பளத்துக்கும் போகத் தேவையில்லை. எனக்குத் தெரிந்து உங்களைப் போன்றவர்கள் முதல் வேலையில் இருபதிலிருந்து முப்பதாயிரத்துக்குள் சேருகிறார்கள். கோவையில் இருபத்தைந்து கிடைத்து, அறை வாடகை, சாப்பாடு, வாரக் கடைசிப் பயணம் என்று எட்டோ ஒன்பதோ போனால் கையில் நிற்பது பதினாறு. ஈரோட்டிலேயே இருபது கிடைத்தால் அது இதைவிட மேல். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து நிறுவனம் இஎஸ்ஐ வரம்பில் வந்தால் குடும்பத்துக்கு மருத்துவமும் கிடைக்கும். கடையில் இருந்தவரைக்கும் அது உங்களுக்கு இல்லை.

சான்றிதழ்: ஒன்று போதும்

வேலையை முடிவு செய்த பிறகு சான்றிதழுக்கு வருவோம். உங்கள் ஊர் பயிற்சி மையம் ஒன்று ‘எம்சிஎஸ்இ’ சொல்லித்தருவதாக எழுதியிருக்கிறீர்கள். மைக்ரோசாஃப்ட் அந்தச் சான்றிதழை 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பாடம் வேண்டுமானால் கற்றுக்கொள்ளலாம், சான்றிதழ் கிடைக்காது. இன்னும் அந்தப் பெயரில் பணம் வாங்குகிற மையத்தை விட்டு விலகுங்கள்.

கம்ப்யூட்டர் பழுதுபார்ப்புக்கான அடிப்படைச் சான்றிதழான காம்ப்டியா ஏ பிளஸ் உங்களுக்கு வேண்டாம். இரண்டு தேர்வு, இரண்டு கட்டணம், அதில் இருப்பது பெரும்பாலும் உங்களுக்குக் கைவந்த வேலை. ஐடி சேவையை நடத்தும் முறைக்கான ஐடிஐஎல் சான்றிதழுக்கும் இப்போது பணம் கட்டாதீர்கள். அதிலுள்ள சொற்கள் மட்டும் தெரிந்தால் போதும்: இன்சிடென்ட், சேஞ்ச், எஸ்எல்ஏ, எஸ்கலேஷன்.

ஒன்றே ஒன்று எடுப்பதானால் சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ. நீங்கள் கேபிள் இழுத்து, ஸ்விட்ச் போட்டு, கேமராக்களுக்குத் தனி நெட்வொர்க் பிரித்தவர். அந்த அறிவை ஒழுங்குபடுத்திக் காட்ட இது சரியான தேர்வு. 200-301 என்ற ஒரே தேர்வு, 120 நிமிடம், முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. கட்டணம் 300 டாலர், வரியெல்லாம் சேர்த்தால் முப்பதாயிரத்தை ஒட்டி வரும், ஆகவே தயாரான பிறகே கட்டுங்கள். மூன்று வருடம் செல்லும். பயிற்சிக்கு சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசம். வேலையில் சேர்ந்து சம்பளம் வர ஆரம்பித்த பிறகு மைக்ரோசாஃப்டின் கிளவுட் நிர்வாகத் தேர்வான ஏஇசட்-104 எழுதலாம். அதன் பாடங்கள் மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. லினக்ஸ் பிடித்திருந்தால் ரெட்ஹேட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ. அது முழுக்கச் செய்முறைத் தேர்வு என்பதால் கேள்வித்தாளை மனப்பாடம் செய்து தேற முடியாது. நேர்முகம் எடுப்பவர்களிடம் அதற்கு மரியாதை இருப்பதும் அதனால்தான். விற்பனைக்கு வருகிற ‘டம்ப்’ கேள்விகளை, அதாவது கசிந்த தேர்வுக் கேள்விகளை வாங்கி சிசிஎன்ஏ தேறியவர்களை நேர்முகத்தில் மூன்றாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

சான்றிதழுக்கு முன்னால் உங்களுக்கு உண்மையிலேயே குறைவது ஒன்று உண்டு. ஆக்டிவ் டைரக்டரி, அதாவது ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கிற அமைப்பு. சிறிய வாடிக்கையாளர்களிடம் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனியாக ஓடும், கம்பெனிகளில் எல்லாம் டொமைனுக்குள் இருக்கும். கடையில் கிடக்கிற ஒரு பழைய டெஸ்க்டாப்பில் ரேமைக் கூட்டி, விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பைப் போடுங்கள். தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ், கம்ப்யூட்டர்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி இரண்டையும் அமையுங்கள், இரண்டு கம்ப்யூட்டர்களை டொமைனில் சேருங்கள், குரூப் பாலிசி போட்டு யூஎஸ்பியைத் தடுத்துப் பாருங்கள். எதையாவது உடைத்துவிட்டுச் சரி செய்யுங்கள். இதற்கு ஒரு பைசா கோர்ஸ் கட்டணம் வேண்டாம். உங்களிடம் சாமான் இருக்கிறது, பாதி நேரம் கடையில் ஆளும் வருவதில்லை என்கிறீர்கள்.

நேர்முகத்தில் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்

தனியார் வேலைக்குச் சட்டப்படி வயது வரம்பு எதுவும் இல்லை. ‘2024, 2025 பேட்ச் மட்டும்’ என்று வருகிற முகாம்களுக்குப் போய் வெயிலில் நிற்காதீர்கள், அது உங்களுக்கானது அல்ல. வயதைவிட வேறு மூன்று சந்தேகங்கள் எதிரே இருப்பவருக்கு இருக்கும், வாய்விட்டுக் கேட்கமாட்டார். முதலாளியாக இருந்தவர் 28 வயது டீம் லீடர் சொன்னதைக் கேட்பாரா? ஆறு மாதத்தில் மறுபடியும் கடை போடப் போய்விடுவாரா? நம் வேலையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் தன் வாடிக்கையாளர்களையும் பார்த்துக்கொண்டிருப்பாரா?

கேட்காமலே பதில் சொல்லிவிடுங்கள். கடையை ஏன் மூடுகிறீர்கள் என்பதை நேராகச் சொல்லுங்கள்: ஹார்டுவேர் விற்பனையில் லாபம் போய்விட்டது, எனக்குப் பிடித்தது சர்வீஸ் பக்கம், அதைப் பெரிய இடத்தில் செய்ய வருகிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டிக்கெட் (வேலைக் கோரிக்கைப் பதிவு) போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும் என்பது தெரியும் என்று காட்டுங்கள். மில்லில் சர்வர் தொங்கினால் நீங்கள் உடனே ரீஸ்டார்ட் செய்திருப்பீர்கள். கம்பெனியில் அனுமதி வாங்காமல் அப்படிச் செய்தால் வேலையே போகும். கடையிலிருந்து வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். அறிவில் குறை இருப்பதில்லை, கை முந்திக்கொள்கிறது.

அப்புறம் ஆங்கிலம். கடிதத்தில் இரண்டு இடத்தில் பயப்பட்டிருக்கிறீர்கள். நீங்கள் செய்கிற வேலையைப் படிப்படியாகச் சொல்லத் தெரிந்தால் போதும். ‘ஒருவருக்கு இணையம் வரவில்லை, எப்படிப் பார்ப்பீர்கள்’ என்பது நிச்சயம் வருகிற கேள்வி. கேபிளைப் பார்ப்பேன், ஐபி முகவரியைப் பார்ப்பேன், 169.254 என்று தொடங்கினால் டிஹெச்சிபியிடமிருந்து முகவரி வரவில்லை என்று அர்த்தம், பிறகு கேட்வேயைப் பிங் செய்வேன், அதன் பிறகு டிஎன்எஸ். இதை ஆங்கிலத்தில் தினமும் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். உங்கள் மனைவி ஆசிரியைதானே, திருத்தச் சொல்லுங்கள்.

கடையை எப்போது மூடுவது

வேலை உறுதியாகி, ஆஃபர் லெட்டர் கையில் வந்த பிறகு. அதுவரை ஏஎம்சி பணம்தான் வீட்டை நடத்துகிறது. ஆனால் சேர்ந்த பிறகும் கடையை ரகசியமாக ஓட்டலாம் என்ற எண்ணம் வேண்டாம். பெரும்பாலான நியமன ஒப்பந்தங்களில் வேறு தொழில் செய்யக்கூடாது என்ற விதி இருக்கும். போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியதாக விப்ரோ 2022-ல் வெளிப்படையாகவே அறிவித்தது. கடையை மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ தொடர்வதாக இருந்தால் ஒப்பந்தத்தைப் படித்து, ஹெச்ஆரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஷட்டரை இறக்கிவிட்டால் ஜிஎஸ்டி தானாக நின்றுவிடாது. ரத்து செய்ய ஆர்இஜி-16 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும், ரத்தான மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதிக் கணக்கைப் போட வேண்டும். விண்ணப்பிக்கும்வரை வியாபாரமே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போடாத ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் ஏறும். கையிருப்புச் சரக்கை வாங்கியபோது கட்டி, பிறகு கழித்துக்கொண்ட இன்புட் வரியையும் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே முதலில் சரக்கை விற்றுத் தீர்த்துவிடுங்கள், பிறகு ஆடிட்டரைப் பாருங்கள். பழைய ரிட்டர்ன்கள், பதிவுச் சான்று எல்லாவற்றையும் ரத்துக்கு முன்பே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்பு ஏஜென்சி கேட்கும்போது தேவைப்படும்.

ஏஎம்சி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். பாஸ்வேர்டுகள், கேமரா ரெக்கார்டர் விவரம், நெட்வொர்க் வரைபடம் எல்லாவற்றையும் எழுதி ஒப்படையுங்கள். மீதி மாதங்களுக்கு வாங்கிய பணம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் மேலே கேட்ட லெட்டர்ஹெட் கடிதத்தை அந்தச் சந்திப்பிலேயே வாங்கிவிடலாம். அப்படியே, உங்கள் இடத்துக்கு அவர்கள் யாரை வைக்கப் போகிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.